உள்ளபடி பெயர்த்தேன்

1954 ஜூன் 14, திங்கள்

காலை எட்டு மணிக்குப் போலீஸ் கச்சேரி திறந்தது. காற்று இல்லை. ஒன்பது பத்துக்குக் காவல் தலைவர் மணியடித்து என்னை உள்ளே அழைத்தார்.

நேற்று மாலை படகுத்துறைச் சாவடியில் ஒரு மீன்கூடையின் அடியில் கடிதம் சிக்கியிருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்திய யூனியனிலிருந்து வந்த படகு. கூடைக்காரி கூட்டத்தில் கலந்து போய்விட்டாள். கடிதத்தில் பெயர் இல்லை, தேதி இல்லை. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் பென்சிலால் எழுதிய நாலு வரி. உட்காரச் சொல்லாமல் அங்கேயே பிரெஞ்சில் பெயர்க்கச் சொன்னார்.

பெயர்த்தேன். ‘சாமான் தயாராக இருக்கிறது. மாமா வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறது. மாமாவுக்கு ஒன்றும் தெரியாது.’ அடியில் வழக்கமான வாசகத்தைச் சேர்த்தேன்: உள்ளபடி பெயர்த்தேன், துபாசி தைரியநாதன். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதுகிற வாசகம்தான்.

கடிதத்தின் எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தின் காலையும் நீட்டி இழுக்கும். என் அக்கா மகன் இன்னாசி. பாடசாலை ஆசிரியராக இருந்தவன். பிரெஞ்சுக்காரர் போக வேண்டும் என்று கூட்டம் போட்டதற்காகத் தேடப்பட்டு, ஏப்ரலில் ஆற்றைக் கடந்து ஓடினான். அவனுக்கு மாமா ஒருவர்தான். அது நான்.

என் வீட்டில் என்ன இருக்கிறது?

ஜூன் 15, செவ்வாய்

காவல் தலைவர் மறுபடி கூப்பிட்டார்.

இவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். பெயர் கசிமீர் ஓர்லிக்கி. பிரெஞ்சுக்காரர் இல்லை. போலந்து ராணுவத்தில் அதிகாரியாக இருந்து போலீசுக்கு மாறியவர். நாடு பறிபோன பிறகு பிரெஞ்சுக்காரர்களிடம் சேர்ந்தவர். ஜனவரியில் இந்தச் சங்குத்துறைக்கு வந்தார். குரலை உயர்த்துவதில்லை. யாரையும் அடித்ததாகக் கேள்வி இல்லை. அதனால்தான் எனக்குப் பயம். அடிக்கிறவர் எப்போது அடிப்பார் என்று நமக்குத் தெரியும்.

கடைத்தெருவில் அவருக்குப் ‘போலி துரை’ என்று பெயர். போலந்துதான் அப்படித் தேய்ந்ததோ, கிண்டலோ, தெரியாது. பிப்ரவரியில் ஒருநாள், போலி என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். போலந்துக்காரர் என்று அர்த்தம் என்றேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். தமிழ்ச் சொற்களுக்கென்றே அந்த நோட்டை வைத்திருக்கிறார்.

இன்று கேட்டது: “மாமா என்பதை ‘ஓங்க்ல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஓங்க்ல்?”

“ஓங்க்ல்தான், முசியே.”

“பிரெஞ்சு இந்த விஷயத்தில் ஏழை மொழி. எங்களிடம் அம்மாவுடன் பிறந்தவர் ‘வுய்’, அப்பாவுடன் பிறந்தவர் ‘ஸ்ட்ரிய்’. இரண்டும் வேறு மனிதர்கள். உங்கள் மொழியிலும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன்.”

பத்தொன்பது வருஷத்தில் ஏழு தலைவர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரருக்கு மாமாவும் சித்தப்பாவும் ஒன்றுதான். கேட்கத் தெரிந்த ஒரே மனிதர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“அம்மாவுடன் பிறந்தவர்” என்றேன். “ஆனால் மாமனாரும் மாமாதான். அத்தை புருஷனும் மாமாதான்.”

“அப்படியானால் தேட வேண்டிய வீடுகள் அதிகம்” என்றார். சிரிக்கவில்லை.

ஜூன் 16, புதன்

சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மதலேன் சந்தைக்குப் போயிருந்தாள். அரிசிப் பானையில் கை விட்டுப் பார்த்தேன். பரண், விறகுக் குவியல், மாதா படத்தின் பின்புறம், கோழிக்கூண்டு. ஒன்றும் இல்லை. கைகளில் தவிடோடு நிற்கும்போது திரும்பி வந்துவிட்டாள்.

“ஏங்க, என்னத்தத் தேடுறீங்க?”

“எலிச் சத்தம் கேட்டது.”

“இந்த வீட்டுல எலி இல்லீங்க. வேற எங்கயாச்சும் பாருங்க” என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள்.

நாலு நாளாக முதுகு வலி அதிகம். ஈஸ்டருக்குப் பிறகு மதலேன் மெத்தையைப் பிரித்துப் புதிதாகத் தைத்தாள். அதிலிருந்தே சரியில்லை. மெத்தை கனமாக இருக்கிறது, சூடு இறங்குவதில்லை.

மார்ச்சில் தபால்காரர் வீட்டில் இரண்டு விடுதலைத் துண்டறிக்கைகள் கிடைத்தன. அவருக்கு வேலை போனது. அடுத்த வாரம் கூலி ஆட்கள் அவர் கூரையில் தீ வைத்தார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, வெள்ளி

என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பச்சை நூல் ஒன்றைக் காவல் தலைவர் இரண்டு விரலால் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஜூன் 24, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உள்ளே போனேன். மேஜைமேல் ஒரு பல்பொடி டப்பா. கடைத்தெருவில் விற்கிற சாதாரணப் பல்பொடி. டப்பாவைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைக் காட்டினார். தானே எழுத்துக் கூட்டி வாசித்தார்: “போ-லி-க-ளைக் கண்டு ஏ-மா-றா-தீர்கள்.”

பிறகு பிரெஞ்சில் கேட்டார்: “போலந்துக்காரர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று பல்பொடிக் கம்பெனி ஏன் சொல்கிறது, முசியே தைரியநாதன்?”

என் காதுகள் அடைத்துக்கொண்டன. வெளியே சிப்பாய் அப்பாவு யாரையோ அதட்டும் சத்தம் எங்கோ தூரத்தில் போலக் கேட்டது.

“மன்னிக்க வேண்டும், முசியே. மரியாதைக்காகச் சொன்னேன்.”

“புரிகிறது. நல்ல மனிதர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள்.” நோட்டைத் திறந்து எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். “ஆனால் இப்போது அந்தக் கடிதத்தை நான் எப்படி நம்புவது? மாமா யார்?”

அவர் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் பத்து ஏழு. அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

“தெருவில் பிள்ளைகள் சிப்பாய்களை மாமா என்பார்கள், முசியே. ‘டேய், மாமா வர்றாருடா’ என்று ஓடுவார்கள். போலீஸ்காரர் என்றும் அர்த்தம் உண்டு.”

இது பொய் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“ஒரு போலீஸ்காரர் வீட்டில் சாமான்” என்று மெதுவாகச் சொன்னார். என்னை நெடுநேரம் பார்த்தார். “இதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.”

எழுதினேன். போட்டேன்.

ஜூன் 28, திங்கள்

விடிந்ததும் சிப்பாய்களின் வீடுகளைச் சோதனை போட்டார்கள். தலைநகரின் தலைமைக் கச்சேரியிலிருந்து அதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். பதினான்கு வீடுகள். பதினொன்றாவது அப்பாவுவின் வீடு. அடுப்புக்குப் பின்னால் சாம்பல் பானையில் இருபத்திரண்டு கைக்கடிகாரங்கள்.

இந்த ஊரில் ஆறு தாண்டிக் கடிகாரம் கடத்தாதவர்கள் பாதிரியாரும் நானும்தான். அப்பாவு சீட்டாட்டத்தில் என்னோடு உட்காருகிறவர். முப்பது வருஷ சர்வீஸ். பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது, வேஷ்டி அவிழ்ந்துவிடுவது போல இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.



ஜூலை 2, வெள்ளி

அப்பாவுவின் வாக்குமூலத்தைப் பெயர்க்க லாக்கப்புக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க துபாசியாரே. சீட்டுக்கட்டு கொண்டாந்தீங்களா?”

“இல்லை.”

“கடியாரம் என்னுதுதான்யா. ஒத்துக்கிறேன். மருமவன் கொண்டாந்து வச்சான். அதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா கடுதாசின்றாங்க, கொடின்றாங்க, காங்கிரசுக்காரன்னு சொல்றாங்க. எனக்கு எழுதவே தெரியாதே.”

“கடிதம் நீங்கள் எழுதியதாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டைச் சொல்வதாக…”

“மாமான்னா போலீசாமே? எந்தப் புண்ணியவான் சொன்னான்? முப்பது வருசமா லத்தியத் தூக்கிட்டுத் திரியிறேன், என்னை எவனும் மாமான்னு கூப்பிட்டதில்ல. என் மருமவனே கூப்பிட மாட்டான்.”

காவலுக்கு நின்ற சிப்பாய் சிரித்தான். அப்பாவுவும் சிரித்தார். நான் பேனாவுக்கு மை நிரப்பினேன். நிரம்பித்தான் இருந்தது.

ஜூலை 22, வியாழன்

மதலேன் பெயர்த் திருநாள், அவள் பெயருள்ள புனிதையின் நாள். காலையில் பூசைக்குப் போனோம். வாசலில் காவல் தலைவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். தங்கள் நாட்டில் பிறந்தநாளைவிடப் பெயர்த் திருநாள்தான் பெரிது என்றார். மரியாதைக்கு, “வீட்டுக்கு வாருங்கள்” என்றேன். பன்னிரண்டரைக்கு வந்துவிட்டார்.

இருந்த ஒரே நாற்காலியின் கால் ஆடுகிறது. அதனால் முன்னறைக் கட்டிலில், மெத்தைமேல் உட்கார வைத்தேன். ஸ்டூலைப் போட்டு இலை வைத்தோம். மதலேன் இறால் குழம்பு ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. இருபது வருஷத்தில் அவள் பரிமாறி ஒரு சொட்டு சிந்தி நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே தன் தமிழை எடுத்தார். “மதலேனம்மா. உங்களுக்கு… மருமகன்… உண்டா?”

அந்தச் சொல் அக்காள் மகனுக்கும் பொருந்தும், மகளைக் கட்டியவனுக்கும் பொருந்தும்.

“புள்ளையே குடுத்து வைக்கல, முசியே” என்றாள் மதலேன். “மருமவன் எங்கேர்ந்து வருவான்? இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?”

நான் பெயர்த்துச் சொன்னேன். அவர் தலையசைத்தார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது உள்ளங்கையால் மெத்தையை இரண்டு தரம் தட்டி, “நல்ல மெத்தை” என்றார்.

அவர் போன பிறகு மதலேன் சிந்திய குழம்பைத் துடைக்காமல் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். நான் எதையும் கேட்கவில்லை.

ஜூலை 23, வெள்ளி

இனி இந்த நோட்டைச் சர்க்கரை டப்பாவின் பின்னால் வைக்கிறேன். அவர் தமிழ் வாசிக்கிற வேகம் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 9, திங்கள்

காவல் தலைவரின் சர்வீஸ் விவரத்தைத் தலைமைக் கச்சேரிக்கு அனுப்ப வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

1904இல் பிறப்பு, ருஷ்ய ராஜா ஆண்ட பகுதியில். பள்ளிக்கூடத்தில் தன் மொழி பேசினால் முட்டி போட வைப்பார்களாம். பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிப் புதிய போலந்து ராணுவத்தில் சேர்ந்தார். பதினைந்து வருஷத்தில் கேப்டன். 1935இல் ராணுவத்திலிருந்து எடுத்து ஒரு மாகாண நகரத்தின் போலீசுக்குத் தலைவராகப் போட்டார்கள். முதல் வாரம் ராணுவ நடையிலேயே தெருவில் நடந்தாராம். சந்தைப் பெண்கள் பின்னால் நடந்து காட்டிக் கிண்டல் செய்தார்களாம். “ராணுவத்தில் எதிரி எதிர்ப்பக்கம் இருப்பான். போலீசில் எதிரியை நாமே எழுதி உண்டாக்க வேண்டும்” என்றார். “இதை எழுத வேண்டாம்.”

1939 செப்டம்பர் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

எல்லாக் கோப்புகளையும் எரித்துவிட்டு நகரை விட்டுப் போகும்படி உத்தரவு வந்தது. இரண்டு அறை நிறையக் காகிதம். முற்றத்தில் ஒரு பகல் முழுவதும் எரித்தார்கள். ‘அனைத்தும் எரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். எல்லை தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. தன் சொந்த மேஜையின் இழுப்பறையில் ஒரு பதிவேடு. கண்காணிக்க வேண்டியவர்கள்: ஆசிரியர்கள், அச்சுக்கூடக்காரர்கள், இரண்டு பாதிரியார்கள். அறுபத்தொரு பெயர். எல்லாம் அவர் கையால் எழுதியது.

“திரும்பிப் போயிருக்கலாம். நாற்பது கிலோமீட்டர்தான். பயம். உடன் இருந்தவர்களிடம் சொல்லியிருந்தால் யாராவது போயிருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேனே, எப்படிச் சொல்வது? நகரைப் பிடித்தவர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போனார்கள்.” என் தாளைப் பார்த்து, “என் எழுத்தும் அழகாக இருக்கும். வாசிக்க அவர்களுக்குச் சிரமமே இருந்திருக்காது” என்றார்.

பிறகு மறுபடி சொல்ல ஆரம்பித்தார். பிரான்ஸ், ஆப்பிரிக்கா, இந்தோசீனா, இங்கே. மொத்தம் இரண்டு பக்கம். 1939க்கு ஒரே வரி: ‘மேலதிகாரிகள் உத்தரவுப்படி வெளியேறினார்.’

எழுதிய தாளை வாங்கும்போது, “உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். எதற்காக இதையெல்லாம் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

அப்பாவுவைத் தலைநகருக்கு அனுப்பி விசாரிக்கப் போகிறார்கள். வெறும் கடிகாரக் கடத்தல் என்றால் இங்கேயே முடிந்திருக்கும். கடிதம்தான் அதை ராஜத் துரோகம் ஆக்குகிறது. அதனால் கடிதத்தின் பெயர்ப்பைச் சத்தியப் பிரமாணத்தோடு இன்னொரு முறை எழுதித் தர வேண்டும்.

காவல் தலைவர் மூலக் கடிதத்தை என் முன்னால் வைத்தார். “அவசரம் இல்லை. ஒருமுறை எண்ணிப் பார்த்து எழுதுங்கள்” என்றார். அறையை விட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

இருபத்தைந்து நிமிஷம் இருந்தேன். தபால்காரரின் கூரை எரிந்தது நினைவுக்கு வந்தது. மதலேனைப் பெல்ட் போட்ட ஆட்கள் நடுவில் மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். ஜூனில் எழுதியதையே எழுதினேன். உள்ளபடி பெயர்த்தேன். கையெழுத்து.

உள்ளே வந்தவர் என் தாளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். மை உலர்த்துவதற்காக ஊதினார்.

ஆகஸ்ட் 21, சனி

அப்பாவுவை லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி சோற்றுத் தூக்கை எறிந்து கொடுத்தாள். அவர் பிடித்துவிட்டார்.

செப்டம்பர் 6, திங்கள்

மதலேன் அப்பாவு வீட்டுக்குத் தினமும் மீன் கொடுத்து அனுப்புகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, வெள்ளி

தலைநகரிலிருந்து வந்த ஒருவர், அப்பாவு ‘விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்றார். இல்லாத கொடியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

அக்டோபர் 21, வியாழன்

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு நிர்வாகம் நவம்பர் முதல் தேதி போகிறது. கடைத்தெருவில் சிப்பாய்களுக்கு வெற்றிலை இனாமாகக் கிடைக்கிறது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நேற்று வரை பிரெஞ்சுப் போலீசுக்குப் பயந்தேன். இன்று, யாருக்காகக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்கப் போகிறவர்களுக்குப் பயப்படுகிறேன்.

அக்டோபர் 25, திங்கள்

கச்சேரிப் பின்முற்றத்தில் கோப்புகளை எரித்தோம். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. காவல் தலைவர் தானே ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் போட்டார். மூன்று முறை உள்ளே போய் எல்லா மேஜை இழுப்பறைகளையும் முழுசாக உருவித் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார். சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

எல்லாரும் போன பிறகு ஒரு உறையை என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்தப் பென்சில் கடிதம்.

“இதை நான் எரிக்கக் கூடாது. இது உங்களுடையது. தமிழில் நாலு வரி இருக்கிறது. நீங்கள் பிரெஞ்சில் மூன்று வரிதான் எழுதினீர்கள். எனக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, எண்ணத் தெரியும்.”



“எப்போது எண்ணினீர்கள், முசியே?”

“ஜூன் பதினான்கு. நீங்கள் இன்னும் என் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். நாலாவது வரியில் யாரோ உங்களுக்கு வேண்டியவர் இருக்கிறார் என்று தெரிந்தது. மெத்தையில் உட்கார்ந்தபோது யார் என்றும் தெரிந்தது. நீங்களே வந்து சொல்வீர்கள் என்று இருந்தேன். சொல்லியிருந்தால் இதைக் கிழித்திருப்பேன்.”

“தெரிந்துமா அப்பாவுவை அனுப்பினீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் கம்பியால் சாம்பலைக் கிளறினார். “மேலே ஒரு பெயர் கேட்டார்கள். உங்கள் பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த மனிதரின் பெயர் கையில் இருந்தது. அடியில் உங்கள் கையெழுத்தும் இருந்தது.” பிறகு தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, “போலி துரை. ஊர் சரியாகச் சொன்னது” என்றார்.

கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். இருவர் கையிலும் கரி.

நாலாவது வரியை இங்கே எழுதி வைக்கிறேன். ‘நாள் வந்ததும் மாமியைக் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்.’ மாமி என்றால் மதலேன். முதல் நாளே வாசித்தேன். அரிசிப் பானையைத் துழாவினேனே தவிர அவளைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

நவம்பர் 1, திங்கள்

காலையில் மதலேன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

“எந்திரிங்க.”

கட்டிலை விட்டு எழுந்தேன். மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தாள். பஞ்சு இல்லை. மடித்து மடித்து அடுக்கிய மூவர்ணக் கொடிகள். முப்பத்திரண்டு எண்ணினேன். ஆறு மாதம் அதன்மேல் படுத்திருக்கிறேன்.

“உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்” என்றாள். “அன்னிக்கு எலி தேடுனப்பவே.”

“ஏன் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கலியே.” கொடிகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னாள்: “அப்பாவு அண்ணன் பேரு உங்களால வந்ததுன்னு மட்டும் போன மாசம் சக்கர டப்பாவ நவுத்துனப்பதான் தெரிஞ்சுது. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நானே போயிக் கச்சேரியில நின்னிருப்பேன்.”

பத்து மணிக்கு இன்னாசி மேளத்தோடு படகில் வந்து இறங்கினான். காவல் தலைவரின் வண்டி அதே நேரத்தில் மறு சாலையில் போனது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

நவம்பர் 7, ஞாயிறு

அப்பாவு திரும்பி வந்துவிட்டார். படகுத்துறையில் அவருக்கு மாலை போட்டு, தியாகி என்று மேடையில் ஏற்றினார்கள். மைக்கைக் கொடுத்தபோது, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். அடக்கம் என்று கை தட்டினார்கள்.

மாலை நாலு மணிக்கு மாலையோடு என் வீட்டுக்கு வந்தார். பாதியாகிவிட்டிருந்தார். நான் பேசும்போது முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெத்தை இல்லாத கட்டிலில் உட்கார்ந்தார். மதலேன் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

“துபாசியாரே. அங்க தினம் ஒரே கேள்விதான். கடுதாசி, கடுதாசி. அதுல என்னதான்யா எழுதியிருந்துது?”

உறை சர்க்கரை டப்பாவின் பின்னால் இருந்தது. எடுத்து வந்தேன். இன்னாசி எழுதியது என்றேன். மாமா என்றால் போலீஸ் என்று சொன்னது நான் என்றேன். பிறகு வாசித்தேன். சாமான் தயாராக இருக்கிறது. மாமா வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறது. மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. நாள் வந்ததும் மாமியைக் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்.

நாலு வரி. உள்ளபடி.

அப்பாவு கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். பிறகு தலையை மறுபக்கம் திருப்பி, இடது காதை என் பக்கம் நீட்டினார்.

“அவங்க அடிச்சதுல வலது காது போயிருச்சுய்யா. இந்தப் பக்கம் வந்து மறுபடி படி.”

எழுந்து அந்தப் பக்கம் போனேன். முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.